தேவதாஸைப் பார்த்து உங்கள் வீட்டில் யார் அழுதார்கள்?

தரைடிக்கெட் (ஞாயிறு, இரவு 9.40)

இன்று மதியம் சாப்பாடு முடிந்து, வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து 2002 இந்தி ‘தேவதாஸ்’ பார்த்தோம். சஞ்சய் லீலா பன்சாலி எடுத்தது. ஷாருக் கான், ஐஸ்வர்யா ராய், மாதுரி தீட்சித். அம்மாவுக்கு 79 வயது, மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நடுவில் நான், ரிமோட்டைக் காவல் காத்துக்கொண்டு.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. கதை தெரியும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. முதல் அரை மணி நேரம் “இது யாரு வீடு, எதுக்கு இவ்வளவு கண்ணாடி, இதெல்லாம் யாரு துடைப்பா?” என்றே போயிற்று. ஷாருக் குடிக்க ஆரம்பித்ததும் “நம்ம நாகேஸ்வர ராவ் மாதிரி இவனுக்கு இருமத் தெரியலை” என்று தீர்ப்பு வந்தது.

மகளுக்குக் கோபம்தான் வந்தது. “லண்டன்ல படிச்சிட்டு வந்தவனுக்கு அப்பாகிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வாய் வரலை. அதுக்கு இத்தனை பாட்டிலா? இவனைப் பார்த்து யாராவது அழுவாங்களா?”

கடைசியில் வாசலுக்கு வெளியே தேவதாஸ் சாகக் கிடக்க, பார்வதி ஓடி வருகிறாள், நீள முந்தானை தரையில் இழுபடுகிறது, வாசல் கதவு மூடிக்கொண்டே வருகிறது. திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “பாட்டி, இவனுக்கா அழறே?” என்று மகள் கேட்டாள். “நான் எங்கடி அவனுக்கு அழுதேன்?” என்றுவிட்டு அம்மா காபி போட எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? எந்தத் தேவதாஸ், யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று எழுதுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கதவு! சினிமா வேரூன்றாத காலத்தில், 1917ல் வந்த நாவலில், வங்காள எழுத்தாளர் சரத் சந்திரர் இப்படி ஒரு காட்சியை எழுதியிருக்கிறாரே. கேமராவுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

பிலிம்சுருள் (ஞாயிறு, இரவு 10.15)

அந்தப் படத்தை 2002 ஜூலையில், வந்த முதல் வாரமே, சென்னையில் ஹாஸ்டல் கும்பலோடு பார்த்தவன் நான். மே மாதம் கான் விழாவில் திரையிட்டார்கள், ஐம்பது கோடி செலவு, அதுவரை வந்த இந்திப் படங்களிலேயே அதிகச் செலவு என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளியிருந்தன. எங்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. ஆனால் மாதுரியும் ஐஸ்வர்யாவும் சேர்ந்து ஆடியபோது அரங்கம் போட்ட விசிலுக்கு மொழி தேவைப்படவில்லை.

அழுகை? ஒருவர் கண்ணிலும் பொட்டு ஈரம் கிடையாது. எங்கள் அறையில் ஒருவனுக்கு அந்த வாரம்தான் காதல் முறிந்திருந்தது. இவன் தாங்க மாட்டான் என்று பயந்து நடுவில் உட்கார வைத்தோம். படம் முடிந்து வெளியே வந்தவன் “என்ன செட்டுடா!” என்றான். நேராகப் போய் மூன்று பரோட்டா சாப்பிட்டான்.

படத்தின் பலமும் கோளாறும் அதுதான் என்று நினைக்கிறேன். கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கண்ணுக்கு அவ்வளவு வேலை கொடுத்தால் நெஞ்சுக்கு எப்போது வேலை? சோகத்துக்குச் சின்ன அறை வேண்டும். அரண்மனையில் அழுதால் எதிரொலிதான் கேட்கும்.

அரைகுறை (ஞாயிறு, இரவு 10.22)

ஒரு குடிகாரச் சோம்பேறிக்கு நூறு வருஷமாக ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள், நாம் இழை திறக்கிறோம். வேலைக்குப் போகாத பணக்காரப் பையனுக்குக் காதல் தோல்வி என்றால் காவியம். எங்கள் தெரு ஆட்டோக்காரர் குடித்தால் மட்டும் “குடும்பத்தைக் கெடுத்தான்”. நன்றி, வணக்கம்.

வங்கம்வாசி (திங்கள், காலை 6.50)

தரைடிக்கெட் அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நாவலில் அந்தக் கதவே கிடையாது.

நான் பதினொரு வருடமாகக் கொல்கத்தாவில் இருக்கிறேன். வங்காளம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே சரத் சந்திரர் புத்தகங்களை வைத்துத்தான். ‘தேவதாஸ்’ சின்ன நாவல், இரண்டு மூன்று ராத்திரியில் முடித்துவிடலாம். கதவு சினிமாக்காரர்கள் கொண்டுவந்தது. 1935ல் பிரமதேஷ் பருவா தானே எடுத்து, வங்காளத்தில் தானே நடித்த படத்திலிருந்து அது தொடர்கிறது. அதற்குப் பின் வந்தவர்களால் அதை விட முடியவில்லை. இப்போது வங்காளிகளில் பலருமே அது நாவலில் இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். அலுவலகத்தில் பந்தயம் கட்டி ஒரு தட்டு மிஷ்டி (இனிப்புதான்) ஜெயித்தேன்.

நாவலில் என்ன நடக்கிறது? தேவதாஸ் ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். உடம்பு முடிந்துபோய்விட்டது. பாண்டுவா ஸ்டேஷன் வரும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் வேலைக்காரன் தர்மதாஸை எழுப்பாமல் இறங்கிவிடுகிறான். அங்கிருந்து மாட்டு வண்டி. பார்வதியின் புகுந்த வீடு இருக்கும் ஹாத்திபோத்தா ஊருக்கு வந்து, அவள் வீட்டு முன்னால் அரசமரத்தடியில் கிடக்கிறான். மறுநாள் உயிர் போகிறது. யாரோ வெளியூர்க்காரன், என்ன ஜாதியோ, தொட ஆளில்லை. கடைசியில் வெட்டியான்கள்தான் தூக்கிப் போகிறார்கள்.

பார்வதிக்கு இதெல்லாம் முடிந்த பிறகுதான், மூத்தாள் மகன் வாயிலாகத் தெரிகிறது. ஓடுகிறாள். புருஷன் சத்தம் போடுகிறார், வேலைக்காரர்கள் பிடிக்கிறார்கள், மயங்கி விழுகிறாள். அவள் ஓடிப் போயிருந்தாலும் அங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை. மறுநாள் நினைவு வந்ததும் வேலைக்காரியிடம் ஒன்றுதான் கேட்கிறாள். ராத்திரியே வந்துவிட்டார் இல்லையா, ராத்திரி முழுக்க இங்கேதான் இருந்தாரா என்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை.

அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவன் வாசலில் கிடந்த ராத்திரி முழுக்க அவள் உள்ளே இருந்திருக்கிறாள். தடுத்தது யாரும் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். கதவு என்று ஒன்று இருந்தால் குற்றத்தை அதன் மேல் போட்டுவிடலாம், அதை மூடச் சொன்னவர் மேல் போட்டுவிடலாம். சரத் சந்திரர் அந்த வசதியைக்கூட நமக்குத் தரவில்லை.

தரைடிக்கெட் (திங்கள், காலை 8.05)

அட! இத்தனை வருடமாக எத்தனை பேரிடம் அந்தக் கதவைப் பற்றி விளக்கு விளக்கு என்று விளக்கியிருக்கிறேன். எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். அந்த மிஷ்டியில் எனக்கும் ஒரு பங்கு வை தம்பி, இது அபராதக் கணக்கு.

பழையபேப்பர் (திங்கள், காலை 9.30)

கதவு இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். இந்தக் கதையில் எனக்கு மறக்காதது பார்வதியின் நெற்றித் தழும்பு. கல்யாணத்துக்கு முன் அவன் அடித்த அடி. அதை அவள் வாழ்நாள் முழுக்கப் பொட்டு மாதிரி சுமக்கிறாள். காதலுக்கு இதைவிடப் பெரிய முத்திரை எந்தக் காவியத்திலும் கிடையாது. இன்றைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது.

சித்திரைநிலா (திங்கள், காலை 10.10)

புரிகிறது சார். நன்றாகவே புரிகிறது. ஒரு பெண்ணை நெற்றி பிளக்க அடித்திருக்கிறான்.

நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தது. அதில் அவன் கையில் இருப்பது தூண்டில் கழி. நீர்க்கரையில் நடக்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை உங்களைப் போன்றவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அவள் நடு ராத்திரியில் தனியாக அவன் வீட்டுக்குப் போகிறாள். வாசல் தாண்டி, மாடி ஏறி, அவன் அறைக்கு. விளக்கைத் தூண்டிவிட்டுக் காலடியில் உட்கார்கிறாள். அவன் கண் விழித்துக் கேட்கும் முதல் கேள்விகள் என்ன? யாராவது பார்த்தார்களா, வாசலில் ஆள் இருந்ததே, நாளைக்கு எப்படி முகத்தைக் காட்டுவாய்? தலை போகிற காரியம் என்று தெரிந்தே வந்தவளிடம் அவன் ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறான். அவள் அழவில்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதில்கூடவா என் களங்கம் மூழ்காது என்கிறாள். அந்த நாவலின் முதுகெலும்பே அவள்தான்.

அடுத்து அவன் செய்தது, கல்கத்தாவுக்கு ஓடிப்போய் ஒரு கடிதம். உன்னை நான் அப்படியொன்றும் பெரிதாக நேசித்ததில்லை என்ற தொனியில். அதைத் தபாலில் போட்ட நிமிடத்திலிருந்து அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சரி, திரும்பி வருகிறான். அவள் மறுக்கிறாள், உனக்கு மட்டும்தான் குடும்ப கௌரவமா, எனக்கு இல்லையா என்கிற மாதிரி பேசுகிறாள். அதற்குத்தான் அடி.

இதை முத்திரை என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2002 படத்தில் நகையால் அடித்து, ரத்தத்தையும் அழகாக வடியவிட்டு, பின்னணி இசை வேறு.

பழையபேப்பர் (திங்கள், காலை 10.40)

அம்மா, நான் அடித்ததை நியாயப்படுத்தவில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் அன்பைக் காட்டத் தெரியாதவர்கள் என்று சொல்ல வந்தேன். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

சித்திரைநிலா (திங்கள், காலை 10.52)

அதைத் தனியாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன் சார்.

பாட்டுப்புத்தகம் (திங்கள், மதியம் 1.20)

எல்லாரும் இந்தி, வங்காளம் என்று பேசுகிறீர்கள். நம் ஊரில் தேவதாஸ் என்றால் 1953 தானே. தரைடிக்கெட்டின் அம்மா சொன்ன இருமலும் அதுதான். தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வினோதா பிக்சர்ஸ், தயாரிப்பு டி.எல்.நாராயணா, இயக்கம் வேதாந்தம் ராகவய்யா. தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். தெலுங்கு ஜூன் மாதம் வந்தது, தமிழ் செப்டம்பரில். தெலுங்கில் வெளியானபோது ஆந்திரா தனி மாநிலமே ஆகவில்லை, அது அக்டோபர் 1. ஆக, இரண்டு மொழிக்காரர்களும் ஒரே ராஜதானியில் இருந்தபடி சேர்ந்து அழுத கடைசிப் படங்களில் இது ஒன்று என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அக்கினேனி நாகேஸ்வர ராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி, திருவாங்கூர் சகோதரிகளில் லலிதா தாசி சந்திரமுகி, அப்பாவாக எஸ்.வி.ரங்கா ராவ்.

இசை சி.ஆர்.சுப்பராமன். அவர் 1952லேயே காலமாகிவிட்டார். மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். ‘உலகே மாயம் வாழ்வே மாயம்’ என்று கொட்டகை மொத்தமும் விம்மியபோது அதைக் கேட்க அவர் இல்லை. கண்டசாலாவின் தமிழ் உச்சரிப்பில் தெலுங்கு வாசனை அடிக்கும். அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கோ அந்தப் பாட்டை வேறு யாராவது சுத்தத் தமிழில் பாடினால் போதை தெளிந்துவிட்டது போலத் தோன்றும்.

இன்னொரு வேடிக்கை. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948ல். 1953ல் முதலமைச்சர் யார்? மதுவிலக்கையே தவம் போல வைத்திருந்த ராஜாஜி. அப்படிப்பட்ட ஊரில், ஒருவன் மூன்று மணி நேரம் குடித்துக் குடித்துச் சாகிற படம் ஓடு ஓடென்று ஓடியது. பாட்டிலைத் திரையில்தான் பார்க்க முடியும் என்ற காலத்தில் அது ஒருவிதக் கவர்ச்சியாகவும் இருந்திருக்கும். அரைகுறை சொல்லும் ஆட்டோக்காரர் பிரச்சினை எல்லாம் மதுவிலக்கைத் தளர்த்திய 1971க்குப் பிறகு வந்த உலகம்.

நாகேஸ்வர ராவுக்குக் குடிப் பழக்கம் கிடையாது. குடிகாரக் காட்சிகளை ராத்திரியில் எடுத்ததால் தூக்கம் கெட்டுக் கண் தானாகவே சொருகியது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தூக்கக் கலக்கத்தைத்தான் நம் ஜனங்கள் காதல் போதை என்று நம்பினார்கள்!

அரைகுறை (திங்கள், மதியம் 1.41)

சார், இதற்காகத்தான் உங்கள் பதிவுகளைப் படிக்கிறேன். ஆனால் நிஜமாகவே குடித்தவர்கள் கதை என்ன ஆயிற்று? பருவா, சைகல் இருவருமே குடியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று படித்திருக்கிறேன்.

பாட்டுப்புத்தகம் (திங்கள், மதியம் 2.05)

ஆமாம். இந்தியில் தேவதாஸாகப் பாடி நடித்த கே.எல்.சைகல் 1947ல் போய்விட்டார், வயது 42. பருவா 1951ல், ஐம்பதைத் தொடவில்லை. பருவா அஸ்ஸாமில் கௌரிப்பூர் ஜமீன் வாரிசு வேறு. ஜமீன்தார் மகன் வேஷத்துக்கு அவர் வெளியே ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

கொடிகாமம் (திங்கள், மாலை 5.30)

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம், இப்போது இருப்பது கனடாவில். எங்கள் வீட்டில் தேவதாஸ் படம் யாருமே பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? எங்களுக்கு தேவதாஸ் ஒரு பாட்டு மட்டும்தான். இலங்கை வானொலியில் ‘உலகே மாயம்’ போட்டால் அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே “அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி விடு பிள்ளை” என்பா. பிறகு பாட்டு முடியும்வரை ஒரு கதையும் இல்லை.

சின்ன வயதில் அது ஒரு சாமிப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உலகம் மாயை, வாழ்வு மாயை என்று வருகிறதே, பட்டினத்தார் பாடல் போல ஏதோ ஒன்று என்று. செத்த வீடு ஒன்றில்கூட ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். அது ஒரு குடிகாரன் பாடுவது என்று கனடா வந்த பிறகு யூடியூப்பில் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை அம்மம்மா பார்த்திருந்தால் அகப்பையோடு வந்திருப்பா.

பாட்டுப்புத்தகம் (திங்கள், மாலை 6.10)

கொடிகாமம், நீங்கள் சாமிப் பாட்டு என்று நினைத்ததில் தப்பே இல்லை. உடுமலை நாராயண கவி, கே.டி.சந்தானம் போன்றவர்கள் பாட்டு எழுதிய படம். நம் ஆட்களுக்குச் சித்தர் பாடலும் நிலையாமையும் ரத்தத்தில் ஊறியது. காதலில் தோற்றவன் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால்தான் காதலே பண்ணாத கிழவர்களும் அந்தப் பாட்டுக்கு அழுதார்கள். அவரவர் துக்கத்தை அதில் ஊற்றிக்கொள்ளலாம்.

1982ல் கமல் நடித்த ‘வாழ்வே மாயம்’ தலைப்பும் இந்த வரியின் மிச்சம்தான். அந்தப் படத்தின் தெலுங்கு மூலத்தில் நடித்தவர் யார் என்று பாருங்கள். அதே நாகேஸ்வர ராவ்.

வங்கம்வாசி (திங்கள், இரவு 9.00)

அக்கா சித்திரைநிலா எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. பார்வதிக்குக் கல்யாணம் பேசும்போது நாவலில் அவள் வயது 13. ஐஸ்வர்யா ராயை வைத்துப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். தேவதாஸும் இருபதைத் தொடாத பையன். படங்களில் அவன் ஒரு முழு ஆண், அதனால் அவன் கோழைத்தனம் நமக்கு எரிச்சல் தருகிறது. நாவலில் அது அப்பா பேச்சுக்கு நடுங்குகிற, முடிவெடுக்கத் தெரியாத பையனின் கோழைத்தனம்.

தடை என்ன என்பதிலும் சினிமாக்காரர்கள் கை வைத்துவிட்டார்கள். நாவலில் இரண்டு வீடும் பிராமண வீடுகள்தான், அடுத்தடுத்த வீடு. ஆனால் பார்வதி வீட்டில் பெண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டிக்கொடுக்கும் வழக்கம். பெண்ணை விற்கிற வீடு என்று இளக்காரம். போதாததற்கு, பக்கத்து வீட்டில் சம்பந்தமா என்ற முகச்சுளிப்பு. பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை, நம் ஊர்த் திண்ணைகளில் இன்றும் கேட்கிற மாதிரி அற்ப காரணங்கள்.

அவளைக் கட்டிக்கொண்ட புவன் சௌதுரி கெட்டவர் இல்லை. மனைவியை இழந்தவர், நாற்பதை நெருங்குகிறவர், அவர் மூத்த மகனுக்கே பார்வதியைவிட வயது அதிகம். பார்வதி அந்த வீட்டை எடுத்து நடத்துகிறாள். முறைத்துக்கொண்டிருக்கும் மூத்தாள் மகளுக்குத் தன் நகைகளை எல்லாம் பூட்டிவிட்டு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். மருமகளைக் கொண்டுவருகிறாள், அன்னதானம் செய்கிறாள். இருபது வயது ஆகாத பெண் பாட்டி மாதிரி வாழ்கிறாள். இந்தப் பகுதியைப் படங்கள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன, பாட்டுக்கு இடமில்லை என்பதாலோ என்னவோ.

சரத் சந்திரருக்கே இந்த நாவல் மேல் பெரிய மதிப்பு கிடையாது என்று இங்கே சொல்வார்கள். ரங்கூன் போவதற்கு முன், இருபத்து நாலு இருபத்தைந்து வயதில் எழுதியது. பர்மாவில் பதிமூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு 1916ல் திரும்பினார். அடுத்த வருடம்தான் புத்தகமாயிற்று.

பிலிம்சுருள் (திங்கள், இரவு 10.30)

1955 பற்றி யாருமே பேசவில்லையே. பிமல் ராய். 1935 படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், இருபது வருடம் கழித்துத் தானே இயக்கினார். படத்தை பருவாவுக்கும் சைகலுக்கும் காணிக்கை ஆக்கியிருப்பார். திலீப் குமார், சுசித்ரா சென், சந்திரமுகியாக நம் திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா.

அதில் ஒரு காட்சி. சந்திரமுகி தேவதாஸைத் தேடி ஊருக்கு வந்து திரும்பிப் போகிறாள், கால்நடையாக. எதிரே பல்லக்கில் பார்வதி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யார் என்று இருவருக்கும் தெரியாது. பல்லக்கு கடந்து போய்விடும். ஒரு வசனம் கிடையாது. நாவலில் இவர்கள் சந்திப்பதே இல்லை, ஆனாலும் அது நாவலுக்குச் செய்த துரோகமாகத் தோன்றாது. அதே இருவரை பன்சாலி துர்கா பூஜையில் சேர்த்து ஆடவிட்டார். ஹாஸ்டலில் விசிலடித்த நான், வயது நாற்பதைத் தாண்டியபின் பல்லக்குக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

அந்தப் படத்துக்கு வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்பேர் விருது அறிவித்தார்கள். வாங்க மறுத்துவிட்டார். என் பாத்திரம் பார்வதிக்கு இணையான பாத்திரம், துணைப் பாத்திரம் இல்லை என்று. 1950களில் ஒரு இளம் நடிகை இதைச் செய்தார். சந்திரமுகியைப் பற்றி எழுதிய எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

எட்டாம்வகுப்புபி (செவ்வாய், நள்ளிரவு 12.15)

நான் இந்த இழையிலேயே சின்னப் பையனாக இருப்பேன். எனக்குத் தேவதாஸ் என்றால் அனுராக் காஷ்யப்பின் ‘தேவ் டி’, 2009ல் வந்தது. நான் பார்த்தது போன வருடம், லேப்டாப்பில், அறைத் தோழர்களோடு. அதில் அவன் சாகவே இல்லை. எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, வேறு வாழ்க்கைக்குப் போய்விடுகிறான். பாரோவும் (அதில் பார்வதிக்கு அதுதான் பெயர்) அவன் குணத்தை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுத் தன் வழியில் போகிறாள்.

நாங்கள் கைதட்டினோம். எல்லாரையும் கிளப்பிவிட்டு ஒருவன் மட்டும் “செத்திருந்தாதான்டா அது தேவதாஸ்” என்று சண்டை போட்டான். அவனுக்கு ஊரிலேயே பட்டப்பெயர் தேவதாஸ். மூன்று நாள் ஷேவ் பண்ணாவிட்டால் போதும், ஹாஸ்டல் வார்டன் முதல் டீக்கடைக்காரர் வரை யார் பார்த்தாலும் “என்னப்பா தேவதாஸ்” என்பார்கள். தாடி, சால்வை, பாட்டில், பக்கத்தில் ஒரு நாய். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் இந்த கார்ட்டூன் தெரியும். அழ வைத்தவன் எப்படி ஜோக் ஆனான் என்று பெரியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழையபேப்பர் (செவ்வாய், காலை 7.15)

தம்பி, அழுததை மறைக்கத்தான் ஜோக். நாங்கள் கொட்டகையில் கண்ணைத் துடைத்துவிட்டு, வெளியே வந்ததும் ஒருவனை ஒருவன் தேவதாஸ் என்று கிண்டல் பண்ணினோம். இல்லாவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் மானம் போய்விடும்.

நடத்துனர் (செவ்வாய், காலை 9.00)

‘நடிகையர் திலகம்’ படத்தில் சாவித்திரிக்கு நியாயம் செய்தார்களா என்ற பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தேவதாஸோடு நிற்கவும். அரைகுறை, உங்கள் கடைசிப் பதிவு நீக்கப்பட்டது, காரணம் உங்களுக்கே தெரியும்.

தரைடிக்கெட் (புதன், இரவு 10.50)

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. வங்கம்வாசி எழுதியதை நேற்று ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கதவு இல்லை என்பதையும், பார்வதியின் புகுந்த வீட்டுக் கதையையும். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகளும் பக்கத்தில் இருந்தாள். முடித்ததும் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு அக்கா. என் பெரியம்மா. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர், புகைப்படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். அவரை இரண்டாம் தாரமாகக் கொடுத்திருந்தார்கள் என்பது தெரியும். அதற்கு முன் வேறு ஒரு இடம் பேசி, நகைக் கணக்கில் தட்டிப்போனது என்பது நேற்றுத்தான் தெரியும். பேசிய பையன் எதிர்த் தெருக்காரன். பெரியப்பாவுக்கு அப்போதே மூன்று பிள்ளைகள், பெரியவனுக்குப் பெரியம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடக் கூச்சமாம்.

1958 வாக்கில் அந்த ஊர் டூரிங் கொட்டகைக்கு தேவதாஸ் மறுபடி வந்திருக்கிறது. அம்மாவுக்குப் பதின்மூன்று வயது, லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். இருவரும் முதல் ஆட்டம் போனார்கள். தரை டிக்கெட், மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து. பாட்டு வந்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சுகிறது. அக்கா அழவில்லையாம். மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாவித்திரி புகுந்த வீட்டில் இருக்கும் காட்சிகளின்போது மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேவதாஸ் சாகக் கிடந்து வண்டியில் வருகிறான். அப்போது அக்கா எழுந்துவிட்டார். “வாடி, மாமா கடை சாத்திட்டு வந்துடுவார், சோறு வடிக்கணும்.” அம்மா கெஞ்சிப் பார்த்திருக்கிறார், இன்னும் கொஞ்சம்தான் அக்கா என்று. “முடிவு எனக்குத் தெரியும்” என்றாராம். இருட்டில் இருவரும் வரப்பு வழியாக நடந்து வருகிறார்கள், பின்னால் கொட்டகையிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே வருகிறது. வீட்டுக்கு வந்து அக்கா அடுப்பு பற்ற வைத்தார்.

“அதனால அந்தப் படத்தோட கடைசி எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தினாங்களா, சாத்தலையா, அவ பார்த்தாளா, எதுவும். இந்த ஞாயித்துக்கிழமைதான் முதல்முதலாப் பார்த்தேன். அதுவும் இந்திக்காரங்க படத்துல” என்றார் அம்மா.

மகள் ஒன்றும் பேசவில்லை. வெங்காயத் தட்டை வாங்கிக்கொண்டு அவளே உரிக்க ஆரம்பித்தாள்.

அம்மா 1953 படத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். தேடினால் கிடைப்பதெல்லாம் தெலுங்கு, அல்லது நடுவில் வெட்டி ஒட்டியது. தமிழில் முழுசாக, முடிவு வரைக்கும் இருக்கிற பிரதி யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

பாட்டுப்புத்தகம் (புதன், இரவு 11.20)

என்னிடம் ஒரு பழைய டிவிடி இருக்கிறது. பாதியில் இரண்டு இடத்தில் மக்கர் பண்ணும், ஆனால் கடைசி இருபது நிமிடம் சுத்தமாக ஓடுகிறது. நாளைக் காலை முகவரி அனுப்புங்கள், கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.